இடது காது மூன்றரை மில்லிமீட்டர் தாழ்வு

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இது இந்தக் கடிதத்தின் நான்காவது படி. முதல் படியில் மரியாதை மட்டும் இருந்தது, விஷயம் விட்டுப்போயிற்று. இரண்டாவதில் விஷயம் மட்டும் இருந்தது, மரியாதை இல்லை. மூன்றாவதில் இரண்டும் இருந்தன, தேநீர் கொட்டிவிட்டது. நீங்கள் அலுவல் மிகுந்தவர் என்பதால் கோரிக்கையை முதலில் வைத்துவிட்டுக் காரணங்களைப் பிறகு சொல்கிறேன். உங்கள் சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் என் மகளுக்கு ஓர் இடம் இருப்பதாகவும், அதை இந்த மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகவும் போன தடவை தொலைபேசியில் சொன்னீர்கள். தயவுசெய்து அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். அவளுடைய நகைத் தொழில் முடிந்துவிட்டது. முடித்துவைத்தவன் நான். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தொழில் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும், உங்கள் அக்காள் சொல்லித் தெரிந்திருப்பதால் அதில் பாதி விலைவாசியும் மூட்டுவலியும் கலந்திருக்கும். ஆகவே மறுபடி சொல்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மகள், பதினோரு வருடம் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தை விட்டுவிட்டு வந்து, முன்னறையிலிருந்த சோபாவை விற்று, அந்த இடத்தில் ஒரு கனமான மேசையைப் போட்டாள். மேசையின் முன்விளிம்பை அரைவட்டமாக வெட்டி, அதன் கீழே தொட்டில் மாதிரி ஒரு தோலைக் கட்டினாள். அரம் போடும்போது உதிரும் வெள்ளித்தூள் அதில் விழுமாம். "சோபாவை வித்துட்டியே, விருந்தாளி வந்தா எங்கடி உட்காருவாங்க?" என்று உங்கள் அக்காள் கேட்டாள். "வாடிக்கையாளர் வந்தா நிப்பாங்கம்மா. விருந்தாளி வந்தா வாடிக்கையாளரா ஆக்கிடறேன்" என்றாள் இவள். வெள்ளிக் காதணி மட்டும்தான் செய்தாள். மெல்லிய தகட்டை வெட்டி, சுத்தியால் தட்டித் தட்டி இலைபோல வளைத்து, ஒரு கொக்கியில் தொங்கவிடுவாள். முதலில் பழைய அலுவலகத் தோழிகள் வாங்கினார்கள், பிறகு வாரக் கடைசிச் சந்தையில் ஒரு மடக்கு மேசை போட்டாள், பிறகு படத்தைப் பார்த்தே சிலர் எழுதிக் கேட்டார்கள். ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இல்லை. ஓர் ஆளை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு நடந்தது.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், யாரும் கூப்பிடாமல் வந்தேன். முப்பத்து நான்கு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்தவனுக்கு, வீட்டுக்குள்ளேயே ஒருத்தி ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது பேசாமல் உட்கார முடியவில்லை. முதலில் பெட்டிக்குப் பஞ்சு வைக்கும் வேலை கொடுத்தாள். அதில் தவறு செய்ய இடமில்லாததால் பதவி உயர்வு தந்து, தகடு அறுக்கச் சொன்னாள். அந்த ரம்பத்தின் அலகு தலைமயிர் கனம்தான் இருக்கும். முதல் நாள் காலையில் பதினான்கு அலகு உடைத்தேன். ஒவ்வொன்றும் உடைந்த நேரத்தையும் காரணத்தையும் குறித்துவைத்தேன். பதினான்குக்கும் காரணம் ஒன்றுதான்: பயம். அடுத்தது அமிலம். நெருப்பில் பற்றவைத்த வெள்ளி கறுத்துப்போகும், அதை வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் போட்டால் வெளுத்து வரும், எடுப்பதற்கென்று ஒரு செம்பு இடுக்கி உண்டு. செம்பு இடுக்கி வீணாகத் தேய வேண்டாமே என்று நான் இரும்பு இடுக்கியை விட்டேன். இரும்பு உள்ளே போனால் கரைசலில் கலந்திருக்கிற செம்பெல்லாம் வந்து வெள்ளியின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்பது ஜோடி, வெட்கப்பட்டதுபோலச் சிவந்து வெளியே வந்தன. மகள் அன்றைக்குச் சிரித்தாள். "பரவாயில்லப்பா, புது ரகம்னு சந்தையில வெச்சுப் பார்ப்போம்" என்றாள். ஒரு பெண்மணி ஆசையாக எடுத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, இது ரகம் அல்ல, தவறு என்று நான் சொல்லிவிட்டேன். கேட்காமலே சொன்னேன். மகள் ஒன்பது ஜோடியையும் திரும்பத் தேய்த்து வெள்ளையாக்கினாள்.

கடைசியில் கொக்கி வளைக்கும் வேலையில் நான் நிலைத்தேன். ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதைச் சுற்றிக் கம்பியை வளைத்தால் நூறு கொக்கியும் ஒன்றுபோல இருக்கும். "கொக்கின்னா இனிமே நீங்கதான்ப்பா, என்னால இப்படி வராது" என்று ஒரு நாள் சொன்னாள். அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. அங்கே என்னாலும் வரும், எல்லோராலும் வரும். இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. முதல் மூன்று படிகளில் இது இல்லை.

வினை மருந்துக்கடை அம்மாள் ரூபத்தில் வந்தது. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மகளிடம் வாங்கிய காதணியை எடுத்துக்கொண்டு வந்து, "ஒண்ணு இறங்கி நிக்குது, பாருங்க" என்றார். மகள் அப்போது வெளியே போயிருந்தாள். நான் வெர்னியர் அளவியை எடுத்து இரண்டையும் அளந்தேன். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. காதணி சரியாக இருந்தால் கோளாறு வேறு எங்கே இருக்க முடியும் என்று யோசித்தேன். இதைப் பெண்மணியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கணக்குக்காக என்று சொல்லி, அவர் தாடைக்குக் கீழே ஓர் அளவுகோலைப் பிடித்து, அதன்மேல் கொத்தனார்கள் வைக்கிற ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். இடது காதின் துளை இரண்டரை மில்லிமீட்டர் கீழே இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இடது கொக்கியை இரண்டரை மில்லிமீட்டர் குட்டையாக வளைத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்ப எப்படி ஜம்முனு இருக்கு பாருங்க" என்று சந்தோஷமாகப் போனார். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

நான் நிறுத்தவில்லை. இது ஒருவருக்கு மட்டுமா, ஊருக்கே இப்படியா என்ற சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் அக்காளிலிருந்து தொடங்கினேன். அவளுக்கு மூன்று மில்லிமீட்டர். "காது கோணலா? நாற்பத்தோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதா உங்களுக்கு? இனிமே திருப்பி எடுத்துக்க மாட்டாங்க எங்க வீட்ல" என்றாள். மகளுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் மூவர், மாடியில் நால்வர், பால்காரர், அவர் மனைவி என்று இருபத்திரண்டு பேரை அளந்தேன். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான், அவர் தபால்காரர். அவருக்குக் காதணி தேவைப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் பாட்டுக்குழு வந்தது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பாடுகிற குழு. ஒரு பெரிய மேடையில் பாடப்போகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி காதணி வேண்டும். தொழில் தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. மகள் பத்து நாள் கழுத்து வலிக்க உட்கார்ந்து இருபத்து நான்கு இலைகளையும் தட்டி முடித்தாள். பிறகு அடுத்த வேலைக்குத் தகடும் கம்பியும் வாங்க மூன்று நாள் வெளியூர் போனாள். போகும்போது, "கொக்கி மாட்டி, பெட்டியில போட்டு, அவங்க பாடிப் பழகற இடத்துல கொடுத்துடுங்கப்பா. வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொன்னாள். வேறு ஒன்றும் என்றால் தேவையில்லாத வேலை என்றுதான் எடுத்துக்கொண்டேன். துல்லியம் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழகும் இடத்துக்கு அளவுகோலும் ரசமட்டமுமாகப் போய்ப் பன்னிரண்டு பேரையும் வரிசையாக அளந்தேன். ஏதோ நல்ல கடை, ஆளுக்கு ஆள் பார்த்துச் செய்கிறார்கள் என்று அவர்களும் குமிழி நிற்கும்வரை பொறுமையாக நின்றார்கள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு ஜோடிக்கும் கொக்கியை ஏற்றி இறக்கிச் சரிசெய்தேன். அளந்ததைக் குறித்துக் கொடுக்காமல் விடுவது எங்கள் அலுவலகத்தில் வேலை போகிற குற்றம். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் பெயரோடு ஓர் அட்டை வைத்தேன், என் நல்ல கையெழுத்தில்: 'இடது காது வலது காதைவிட மூன்றரை மில்லிமீட்டர் தாழ்வு. இடது கொக்கி அதற்கேற்பக் குறைக்கப்பட்டுள்ளது. இடம் மாற்றி அணிய வேண்டாம்.' அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். குழுவின் தலைவிக்கு ஆறு.

மேடைக்குப் பின்னால் பெட்டிகளைத் திறந்திருக்கிறார்கள். அட்டைகளைப் படித்திருக்கிறார்கள். ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கிப் படித்திருக்கிறார்கள். முக்கால் மில்லிமீட்டர்காரி நான்கு மில்லிமீட்டர்காரியைப் பார்த்து ஏதோ சொல்ல, பதினெட்டு வருடத் தோழிகள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் கோபத்தில் எல்லா அட்டையையும் கிழித்துப்போட்டதில் எந்தப் பெட்டி யாருடையது, எது இடது, எது வலது என்பது தெரியாமல்போய், கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்கள். நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர். மூன்றரை குறைய வேண்டிய பக்கத்தில் மூன்றரை கூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவிக்குத் தன்னுடையதே இடம் மாறி, பன்னிரண்டு மில்லிமீட்டர். அதை மறைக்க அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், அடுத்தவர் தன் கணக்குக்கு வேறு பக்கம் சாய்த்தார், முதல் பாட்டு முடிவதற்குள் பன்னிரண்டு தலையும் பன்னிரண்டு திசையில் சாய்ந்திருந்தன. மூன்றாவது பாட்டு சோகப் பாட்டாம். அதில்தான் கூட்டம் சிரித்தது.

மறுநாள் தலைவி ஒரு பையில் பன்னிரண்டு பெட்டிகளையும் போட்டுக்கொண்டு வந்தார். மகள் அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பி, பயணப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஐயா, அறுபத்தொரு வருஷமா இந்தக் காதோடதான் இருக்கேன். எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிக்கலை. என் நாத்தனார் கண்டுபிடிக்கலை, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. நீங்க யாரு?" என்று கேட்டார்.

"வரைவாளர், ஓய்வு" என்று சொன்னேன்.

அவர் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் ஒரு பெட்டியைத் திறந்து, காதணியை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு நிமிடம் பார்த்தாள், மூடினாள். திட்டியிருந்தால் குறித்துவைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருப்பேன்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. சந்தையில் எங்கள் மேசையைக் கடக்கும்போது பெண்கள் கூந்தலை முன்னால் இழுத்துக் காதை மூடிக்கொண்டு போகிறார்கள். காது அளக்கிற வீடு என்று தெருவில் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. போன வாரம் வழி கேட்ட ஒருவருக்கு மருந்துக்கடை அம்மாளே அப்படித்தான் அடையாளம் சொன்னாராம். மகள் சாயங்காலங்களில் ஒரு பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு, களைத்துப்போய் வருகிறாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு வேலை தேடுகிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அந்தச் சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். விளக்குப் போட மாட்டாள், பேச மாட்டாள். மேசை வந்த நாளிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை, உட்காரச் சோபாவும் இல்லை. உங்கள் கிடங்கு நல்ல இடம்தான், நீங்களும் அவளை நன்றாகவே பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவள் வந்து தங்கப்போகும் உங்கள் வீட்டு மாடி அறையில் அவளுக்கு உட்கார ஏதாவது போடுவீர்களானால், தயவுசெய்து அது சோபாவாக இருக்க வேண்டாம். அவளை மறுபடியும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமா என்று கேட்டால், இல்லை. யாரும் வாங்காத காதணியை ஐம்பது வயதுவரை தட்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட முடியுமா என்றால், அதுவும் இல்லை. பயந்தவன் எப்போதும் செய்வதைத்தான் செய்கிறேன். பத்திரமான பக்கத்தில் கோடு போடுகிறேன்.

ஆகவே வருகிற வியாழக்கிழமை மாலை நான்கிலிருந்து ஐந்துக்குள் அவளைக் கூப்பிடுங்கள். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம். முதலில் உடல்நலம் விசாரியுங்கள். பிறகு, "அலுவலகத்துல நம்பிக்கையான ஆள் ஒருத்தர் இல்லாம கஷ்டப்படறேம்மா" என்று நீங்கள் கஷ்டப்படுவதுபோலப் பேசுங்கள். அவள் மறுத்தால் மறுபடியும் கஷ்டப்படுங்கள். மேசையை விற்க வேண்டிவந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆணி அடித்த பலகையை மட்டும் நான் வைத்துக்கொள்வேன், அதற்கு விலை கிடைக்காது.

உங்கள் துணைவியாருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் அதை வாங்கிக்கொள்ளும் வயதைக் கடந்திருந்தால் வாழ்த்துகள். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து இத்துடன் கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள மகளின் மின்தராசில் எடை போட்டேன். முப்பத்தொன்று புள்ளி நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் எண் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. நிற்கட்டும் என்று தட்டிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மகள் ஆறாம் பக்கத்தில் இருந்தாள்.

"கடையை மூடப்போறது யாருப்பா?"

"சும்மா ஒரு யோசனைதாம்மா."

"நாலு படி எழுதியிருக்கீங்க. சும்மாவா?"

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு பெட்டியில் இரண்டுதான் இருந்தன. ஐந்து வாரமாகச் சாயங்காலங்களில் ஒவ்வொருவர் வீடாகப் போய், நான் குறித்துவைத்திருந்த அளவுகளைப் பார்த்து அவரவர் காதணியை அவரவர் காதில் தானே மாட்டி, கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். முதலில் போனது தலைவி வீட்டுக்கு. அவர் அரை மணி நேரம் கதவைத் திறக்கவில்லையாம். திறந்த பிறகு தன் அக்காளுக்கும் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறார். மீதி இரண்டு பேர் இன்னும் திறக்கவில்லை, அடுத்த வாரமும் போகப் போகிறாளாம்.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா ரசமட்டத்தோட கிளம்பியிருப்பீங்க."

"கொக்கியை எல்லாம் மறுபடி மாத்தினியா?"

"ஒண்ணையும் மாத்தலை. நீங்க வளைச்சது சரியாத்தான் இருந்துதுப்பா. அவங்கவங்க காதுல அம்சமாத் தொங்குது. நீங்க எழுதினதுதான் தப்பு. இனிமே அளந்துக்கோங்க, எழுதாதீங்க. யாராவது கேட்டா, அழகா இருக்குன்னு சொல்லுங்க."

"அதுக்கு எனக்குப் பயிற்சி இல்லையேம்மா" என்றேன்.

"அப்ப மாமா கிடங்குல ஒரு இடம் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்கல்ல, அங்க நீங்க போங்க. இந்தக் கடையில ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறக்காம இருக்கணும்."

"போறதுன்னா முன்கூட்டியே சொல்லச் சொல்லுடி, அரிசி அளவைக் குறைச்சுக்கறேன்" என்று உங்கள் அக்காள் சமையலறையிலிருந்து சொன்னாள்.

ஆகவே மேலே மகளுக்காகக் கேட்டதை ரத்து செய்துவிட்டு, அதே இடத்தை எனக்காகக் கேட்கிறேன். வயது எழுபத்திரண்டு. பார்வை பரவாயில்லை. சரக்குகளை அளக்கவும் அளந்ததைக் குறித்துவைக்கவும் தெரியும். திங்கட்கிழமையே சேர முடியும். இதை எழுதிச் சேர்க்கச் சொன்னவள் அவள்தான். பக்கத்தில் நின்று படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று உறை எடுக்கப் போயிருக்கிறாள்.

அவள் வருவதற்குள் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் பதிலை அவள்தான் பிரிப்பாள். இடம் இல்லை என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். காரணம் எழுத வேண்டாம்.